வளையூரின் பரந்த மனம்

வளையூரில் காலைச் செய்தி மூன்றே விஷயம்தான் சொல்லும். வெளியே குளிர் எவ்வளவு, உள்ளே காற்று எவ்வளவு, ஊர்க்காரர்களின் மனம் எவ்வளவு விரிந்திருக்கிறது. முதல் இரண்டையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வெளியே போனால் உறைந்துபோவோம், உள்ளே இருந்தால் பிழைத்துக்கிடப்போம், இதில் தினமும் கேட்க என்ன இருக்கிறது? மூன்றாவது வரும்போது மட்டும் தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து நிற்பார்கள்.

சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில், ஒருநாளும் கலையாத ஆரஞ்சு மூட்டத்துக்கு அடியில், பெரிய கூடாரம் போட்டு அதற்குள் கட்டிய ஊர் அது. அங்கே குழந்தைக்குக் காது குத்தும்போதே காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு மனமானியையும் பொருத்திவிடுவார்கள். அடுத்தவர் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் உங்கள் மனம் சுருங்குகிறதா, விரிகிறதா என்று அது அளந்துவிடும். வாயால் என்ன சொன்னாலும் அதனிடம் எடுபடாது. ஊரில் இருக்கிற அத்தனை மனங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் பரந்த மனக் குறியீடு. எந்த ஊரின் குறியீடு முதலிடத்தில் நிற்கிறதோ அந்த ஊரில்தான் கோளிடைக் கபடிப் போட்டி நடக்கும்.

இதில்தான் வளையூருக்குத் தீராத வயிற்றெரிச்சல். செவ்வாயில் செம்பாலை என்று ஓர் ஊர், ஒவ்வொரு தடவையும் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனது. அந்த ஊர்க் கபடி அணியில் இரண்டு பேர், தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று மைதானத்தில் வைத்தே அறிவித்திருந்தார்கள். கேட்ட சனத்துக்கெல்லாம் மனம் விரிந்து குறியீடு எங்கேயோ போய்விட்டது. வளையூரிலும் கவிஞர்கள் அறிவித்திருந்தார்கள், பல் மருத்துவர்கள் அறிவித்திருந்தார்கள், முன்னாள் மேயர் ஒருவர்கூட அறிவித்திருந்தார். ஆனால் பல் மருத்துவர் யாரை விரும்பினால் யாருக்கு என்ன? விளையாட்டு வீரர் சொன்னால்தானே ஊரே திரும்பிப் பார்க்கும். வளையூரில் அப்படி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மனத்தை விரிக்கும் பயிற்சிக்காகப் பள்ளிப் பிள்ளைகளைக் குறுகிய மன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே காட்சிக்கு வைத்திருப்பது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைத்தான். பூமியில், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு வீரர் தான் ஓர் ஆணை விரும்புவதாகச் சொன்னபோது மக்கள் கைப்பேசியில் தட்டிவிட்ட வாக்கியங்களைச் சுவர் முழுக்க ஒளிரவிட்டிருந்தார்கள். ‘நல்லா ஆடிக்கிட்டு இருந்தவன், இதை எதுக்கு வெளியில சொல்லணும்?’ ‘என் பையன் ரூம்ல இவன் போஸ்டர் ஒட்டியிருக்கே, இப்ப என்ன பண்றது?’ ‘எனக்கு ஒண்ணும் இல்லைங்க, கூட ஆடுறவங்க நிலைமையை யோசிச்சீங்களா?’ பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்து விக்கல் எடுக்கும்வரை சிரிப்பார்கள். இவ்வளவு பெரிய முட்டாள்களிடமிருந்தா நாம் பிறந்து வந்தோம் என்று வீட்டுக்கு வந்து கேட்பார்கள். பெற்றவர்களுக்குப் பெருமையாக இருக்கும்.

விளையாட்டுத் துறை அமைச்சர் உலகநாதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கபடிப் பயிற்சியாளர் ஞானதுரையைக் கூப்பிட்டனுப்பினார். ஞானதுரைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, தொண்டை மட்டும் பையன்களை அதட்டியே கரகரத்துப்போயிருந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் அணியில் ஒருத்தராவது அறிவித்தாக வேண்டும், இல்லையென்றால் பயிற்சியாளரை மாற்ற வேண்டியிருக்கும் என்று அமைச்சர் சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பினார்.

ஞானதுரை பையன்களை உட்கார வைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். காலம் மாறிவிட்டது, கூச்சப்பட ஒன்றுமில்லை, மனத்தில் இருப்பதை மறைத்து வாழ்வதும் ஒரு வாழ்க்கையா என்று அரைமணி நேரம் பேசினார். ஊர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மனமானியை வைத்துச் சோதித்ததில் மூன்றும் போலி. அதில் ஒருவனுக்குப் பழச்சாற்றுக் கடைப் பெண் அந்தப் பக்கமாக நடந்துபோனதும் சோதனைப் பெட்டியின் முள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய்விட்டது. ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டு எல்லாரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்.

எழுந்து நிற்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் நன்மாறன். அணியின் உயிர் அவன்தான். டைட்டனில் உடம்பு கனம் குறைவு என்பதால் அங்கே கபடி ஆடுகிறவர்கள் பறப்பார்கள். பாடிப் போகிறவன் எதிரணியின் தலைக்கு மேலேயே தாவிப் போய்த் தொட்டுவிட்டு வரலாம், அதனால் மைதானத்துக்கு மேலேயும் ஒரு கோடு உண்டு. நன்மாறன் ஒரே மூச்சில் மேல்கோடு வரைக்கும் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு இறங்குவான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவன் பெயர்தான்.

அவன் காதலித்தது பொழிலனை. பொழிலன் அந்த மைதானத்தின் காற்றுச் சலவைக்காரன். மூடிய கூடாரத்துக்குள் ஒரே காற்றைத்தான் ஊரே மாற்றி மாற்றி மூச்சுவிட வேண்டும், அதை நாள்தோறும் வெளுத்துக் கொடுப்பவர்கள் சலவைக்காரர்கள். ஒருநாள் பயிற்சியின்போது காற்றில் தீய்ந்த பால் வாடை அடிக்கிறது என்று நன்மாறன் எகிறினான். பொழிலன் குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, வாடை காற்றில் இல்லை, அவன் பனியனில் என்று சொன்னான். சண்டையில் ஆரம்பித்தது, இரண்டு வருஷமாக விட்டபாடில்லை. ஆனால் வடிகட்டி அறைக்குப் பின்னால்தான் சந்திப்பு. ஆண் என்பதற்காக மறைக்கவில்லை. காரணம் வேறு. அந்தக் காரணத்தை வளையூரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நானும் கொஞ்சம் பொறுத்தே சொல்கிறேன்.

நன்மாறனுக்கு ஒரே ஓர் ஆசைதான். பொழிலனைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரே வீட்டில், ஊர் பார்க்க வாழ வேண்டும். இப்போது ஊரே வா வா என்று கூப்பிடுகிறது, இதைவிட நல்ல நேரம் எப்போது வரும் என்று கேட்டான். பொழிலன் மறுத்துவிட்டான்.

“அவங்க உன்னைக் கொண்டாடத்தான் ரெடியா இருக்காங்க. என்னைப் பாத்ததுக்கு அப்புறமும் அப்படியே இருப்பாங்களா?”

“இவ்வளவு பெரிய மனசுல உனக்கு மட்டும் இடமில்லாமப் போயிடுமா?” என்றான் நன்மாறன். பாவம், அவன் செய்தியை ஒழுங்காகக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்த கையோடு, மைதானத்தின் நடுவில் நின்று அவன் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல. ஞானதுரை அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அமைச்சர் மேடையிலிருந்து தாவினார், கனம் குறைவு என்பதை மறந்து தாவியதில் பத்து வரிசை தள்ளிப்போய் விழுந்தார், விழுந்த இடத்திலிருந்தே விடுமுறை அறிவித்தார். நன்மாறனுக்குத் தெருத்தெருவாகக் கட்அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்தார்கள். டைட்டனில் பால் சட்டென்று கீழே விழாது, சோம்பலாக மிதந்து திரியும், அதனால் அபிஷேகம் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஆயிற்று. ரசிகர் மன்றத் தலைவர் முரளிதரன் நன்மாறனின் முகத்தைத் தன் நெஞ்சு முழுக்கப் பச்சை குத்திக்கொண்டார். போதுமான அளவு ஆனந்தக் கண்ணீர் விடவில்லை என்று ஓர் ஓட்டல் முதலாளியின் கடையை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள், அவர் வெங்காயம் உரித்துத் தப்பித்தார்.

நன்மாறனின் தாயார் மங்கையர்க்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாத் திரையிலும் அவர்தான். அவன் வயிற்றில் இருக்கும்போதே தனக்குத் தெரியும் என்றார். பக்கத்து வீட்டம்மாள் பொறாமை தாங்காமல் தன் மகனைக் கூப்பிட்டு, நீ மட்டும் ஏன்டா இப்படியே இருக்கிறாய், கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டு அவனை அழ வைத்தார். குறியீடு எகிறிச் செம்பாலையைத் தாண்டியது. அமைச்சர் கல்யாணத்தை அரசு செலவில் நடத்துவதாக அறிவித்தார். மாப்பிள்ளை யார் என்று மட்டும் அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கு நேரம் இருந்தது?

தட்டு மாற்றும் நிகழ்ச்சியை மங்கையர்க்கரசியின் வீட்டிலிருந்து ஊர் முழுக்க நேரலையில் காட்டினார்கள். பொழிலன் தலையை வழித்து வாரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பழத்தட்டோடு முன்வாசல் வழியாக உள்ளே வந்தான். பையன் லட்சணமாக இருக்கிறான் என்று ஊர் பெருமூச்சு விட்டது. மங்கையர்க்கரசி அவன் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டு, வழக்கப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“உங்க வீட்டுப் பெரியவங்க வரும்போது என்ன பாத்துட்டு வந்தாங்க தம்பி?”

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு முன்னோர்கள் இரண்டு கப்பல்களில் வந்தார்கள். இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவை, ஒரே நாளில் கிளம்பியவை. முதல் கப்பலுக்குச் சன்னல் வைத்தார்கள். இரண்டாவதற்கு வைக்கும்போது கண்ணாடி தீர்ந்துபோனதால் தகரத்தை வைத்து அடைத்துவிட்டார்கள். யாருக்கு எந்தக் கப்பல் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது. சன்னல் கப்பலில் வந்தவர்கள் வழியெல்லாம் நட்சத்திரமும் கடைசியில் சனியின் வளையமும் பார்த்தார்கள். டைட்டனில் இறங்கியபின் மூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது. ஆகவே பார்த்தவர்கள் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். பிறகு பார்த்தவர்களின் பிள்ளைகளும், எதையுமே பார்த்திராத பேரப்பிள்ளைகளும் பார்த்தவர்கள் ஆனார்கள். இவர்கள் சன்னலார். மற்றவர்கள் சுவரார்.

காற்றுச் சலவை முழுக்கச் சுவரார் வேலை. சன்னலார் வீட்டுக்கு வேலைக்கு வந்தால் முன்வாசலில் நுழைய மாட்டார்கள், பின்பக்கத்துக் குழாய்த் துவாரம் வழியாகத்தான் வருவார்கள். அதுதான் அவர்களுக்கு வசதி என்று சன்னலார் சொல்வார்கள். இந்த வேற்றுமை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. பள்ளிப் பாடநூலின் முதல் பக்கத்திலேயே அது பெருங்குற்றம் என்று அச்சிட்டிருக்கும், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் பாடம் நடத்துவார்கள். சன்னல், சுவர் என்ற சொற்களை எடுத்தாலே வழக்குப் பாயும். அதனால் யாரும் எடுப்பதில்லை. பெரியவர்கள் என்ன பார்த்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்பாக விசாரிப்பார்கள், அவ்வளவுதான். சன்னலார் வளையம் என்பார்கள். சுவரார் சங்கடப்பட்டு, தூங்கிக்கொண்டே வந்துவிட்டார்களாம் என்பார்கள். கேட்டவருக்குப் புரிந்துவிடும், அப்புறம் தண்ணீர் கொடுக்கும் டம்ளர் மாறும்.

பொழிலன் தூங்கியதாகச் சொல்லவில்லை.

“முன்சீட்டுக்காரர் முதுகைம்மா,” என்றான்.

மங்கையர்க்கரசியின் கை அவன் கன்னத்திலிருந்து மெதுவாக இறங்கியது. ஓ, அப்படியா, காப்பி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அமைச்சருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது. நேரலையில் திடீரென்று பரதநாட்டியம் ஓடியது. நன்மாறனும் பொழிலனும் பழத்தட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஊரில் யாரும் ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, என் சம்பந்தி வீட்டார்தான் ஒருமாதிரி என்றார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன், இதையெல்லாம் எதற்கு வெளியில் சொல்ல வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுப் பழக்கம் ஒத்துவராதே என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். ஊரில் இரண்டு தரப்பும் தின்பது ஒரே தொட்டியில் விளையும் பாசியில் சுட்ட தோசை. கட்அவுட்டுகளைத் துடைத்துவிட்டு வைக்கிறோம் என்று கழற்றிப் போனார்கள். அடுத்த பயிற்சி ஆட்டத்தில் நன்மாறன் பாடிப் போனபோது கைதட்டத் தெரிந்த கூட்டம் இருமிக்கொண்டிருந்தது. அவனை அணியிலிருந்து தூக்கச் சொல்லி ஞானதுரைக்கு மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்தது. ஞானதுரை காது கேட்காததுபோல இருந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால் குறியீடு இம்மியும் இறங்கவில்லை. மனமானியைச் செய்த நிபுணர்கள், சட்டப்படி இல்லாத ஒன்றை எப்படி அளப்பது என்று சன்னல், சுவர் சங்கதிக்கு அளவுகோலே வைக்கவில்லை. நன்மாறன் ஓர் ஆணை விரும்புவதில் ஊருக்கு மனத்தாங்கல் உண்டா என்று அது பார்த்தது, கடுகளவும் இல்லை. கோளிடைக் கபடிப் போட்டி வளையூருக்கே கிடைத்தது. செம்பாலைக்காரர்கள் பெருந்தன்மையாக வாழ்த்து அனுப்பியிருந்தார்கள்.

நல்லது சொல்ல ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அமைச்சர் தன் தங்கை மகனின் படத்தைக் காட்டினார், பையன் தங்கமானவன், அவனுக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும், பெரியவர்கள் வளையத்தை இரண்டு தரம் பார்த்தவர்கள் என்றார். நன்மாறன் அசையவில்லை. கடைசியில் தாயார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த அழுகை நடிப்பில்லை, அவர் மகனை நிஜமாகவே நேசித்தார்.

“நீ ஆம்பளையைக் கட்டிக்கிறதுல எனக்கு எவ்வளவு பெருமைன்னு ஊருக்கே தெரியும்ப்பா. நம்மவங்கள்ல எவனை வேணா கைகாட்டு, நான் ஆரத்தி எடுக்கிறேன். அது முடியலைன்னா ஒரு பொண்ணையே கட்டிக்க. அதுக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நம்ம பொண்ணா இருந்தாப் போதும்.”

“எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதும்மா.”

“கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்,” என்றார் தாயார்.

பொழிலன் வீட்டிலும் பாயசம் வைக்கவில்லை. அவன் அப்பா, நம் ஆட்களில் ஆண்பிள்ளைக்கா பஞ்சம், அந்த வீட்டில் போய் நீ எந்த வாசலில் நுழைவாய் என்று கேட்டார். கேட்டதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சுவரார் சங்கமும் எதிர்த்து இறங்கியது. ஊர் சரித்திரத்திலேயே முதன்முறையாகச் சன்னலாரும் சுவராரும் ஒரே பந்தலில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, இந்தக் கல்யாணம் கூடாது என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். பொங்கல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அமைச்சர் அந்த நாளை நல்லிணக்க நாளாக அறிவித்தார்.

மறுநாளே பொழிலனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரிலிருந்து வெகுதூரத்தில், மீத்தேன் ஏரிக்கரையில் இருக்கும் காற்று நிலையத்துக்கு. அங்கே போனவர்கள் கிழவர்களாகித்தான் திரும்புவார்கள். மணமானவர்களைப் பிரித்து மாற்றக் கூடாது என்று மட்டும் ஒரு சட்டம் இருந்தது. காலையில் வண்டி. அதற்குள் கல்யாணம் பதிவானால் பொழிலன் இங்கே இருப்பான், இல்லையென்றால் இல்லை.

கல்யாணப் பதிவு அலுவலகத்தில் மனிதர்கள் கிடையாது, பதிவர் என்ற இயந்திரம்தான். அதற்கு வெட்கமும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை. உடனே பதிவு செய்யலாம் என்று சந்தோஷமாகச் சொன்னது. இரண்டு சாட்சிகள் மட்டும் வேண்டும். சாட்சிகள் யார், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று காலையில் ஊர்ப்பலகையில் வெளியாகும்.

நன்மாறன் கூப்பிட ஆரம்பித்தான். அணியில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது, ஒருவனுடைய அம்மாவுக்கு மயக்கம், ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான், திரும்பக் கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தான். முரளிதரன் மட்டும் நேரில் வந்தார். சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டினார். “உயிரைக் கேளு தலைவா, தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காத, வீட்டுல தங்கச்சி இருக்கா,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மூடிக்கொண்டு போனார். ஊரே தூக்கிவைத்து ஆடிய பிள்ளைக்கு இரண்டு கையெழுத்து கிடைக்கவில்லை. நன்மாறன் அப்போதுதான் முதல்தடவையாக அழுதான். பொழிலன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அலுவலகம் மூடப்போகும் சமயத்தில் ஞானதுரை உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாக, ஏன்டா என்னைக் கூப்பிடவில்லை என்று அதட்டினார். உங்கள் வேலை போய்விடும் அண்ணே என்றான் நன்மாறன். போனால் போகிறது என்று சொல்லிவிட்டு அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சற்றுப் பொறுத்து வேறொரு வாசல் வழியாகப் பூரணி வந்தார். பூரணி காற்றுச் சலவைப் பிரிவின் தலைவி, பொழிலனுக்கு மேலதிகாரி, ஞானதுரையின் வயதுதான் இருக்கும், சுவரார் வீட்டுப் பெண். பொழிலன் ஓரடி பின்வாங்கினான். அவனுடைய மாற்றல் உத்தரவைக் கையில் கொடுத்ததே அவர்தான். கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், இப்போது கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பதிவர் முதலில் ஞானதுரையைப் பார்த்துத் திரும்பி, இந்த அம்மாள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது.

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை.

“தெரிஞ்சவங்க,” என்றார்.

பூரணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவர் அடுத்து பூரணியிடம் அதையே கேட்டது. இவர் உங்களுக்கு என்ன உறவு?

“புருஷன்,” என்றார் பூரணி. “இருபது வருஷமா. வீடு மட்டும்தான் வேற வேற.”

நன்மாறனும் பொழிலனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவர் தடுமாறவில்லை. இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகாத சாட்சியம் செல்லாது, எதை வைத்துக்கொள்வது என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

ஞானதுரை சன்னலார் வீட்டுப் பிள்ளை, உண்மையைப் போட்டால் காலையில் ஊரே வாசிக்கும். தெரிந்தவர் என்று போட்டாலே போதும், பூரணி தலையாட்டிவிடுவார், இருபது வருஷமாகத் தலையாட்டியவர்தானே. பையன்களின் கல்யாணமும் நடந்துவிடும். அவர் பூரணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பொழிலனைப் பார்த்தார், முன்சீட்டுக்காரர் முதுகு என்று ஊரறியச் சொன்ன பையனை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அவங்க சொன்னதையே போட்டுக்க,” என்றார்.

பதிவர் போட்டுக்கொண்டது. கல்யாணம் பதிவானதாகச் சொல்லி, இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவாக ஒரு மங்கள இசையை ஒலித்தது. பொழிலனின் மாற்றல் அந்த நொடியே ரத்தானது. பொழிலன் பூரணியின் காலில் விழப்போனான், அவர் பிடித்து நிறுத்தினார். ஞானதுரை அங்கிருந்த பெஞ்சில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றியை ஒரு கையால் மூடிக்கொண்டு, காலையில் ஊர்ப்பலகையில் வருமே என்று முனகினார். நன்மாறன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்னண்ணே, இவ்வளவு பயப்படுறீங்க? நான் ஒருத்தன் சொல்லிட்டு உயிரோடதானே இருக்கேன்?”

ஞானதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கென்னடா. ரெண்டு நாளாச்சும் ஊரு உன்னைத் தூக்கிவச்சு ஆடுச்சு. எனக்கு அந்தக் கொடுப்பினைகூடக் கிடையாதே. நான் ஆசைப்பட்டது ஒரு பொம்பளை மேலயாச்சே.”